ஒரேத்தோ வீட்டில் வசிப்போர்

பலெர்மோ
11.01.1998

அன்புத் தம்பி அகஸ்ரின்,

போன கிழமை தொலைபேசியைப் படாரென்று வைத்தாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையும் வைக்கலாம்தான், ஆனால் வாசித்து முடித்துவிட்டு வைப்பாய் அல்லவா? சறோஜாவும் சின்னவர்கள் இருவரும் சுகமாக இருக்கக் கர்த்தரை மன்றாடுகிறேன். மொடெனாவில் பனி கொட்டுகிறது என்று தர்சனா ரீவியில் பார்த்துச் சொன்னாள். இங்கே மழை. உன் வீட்டுக் குசினிச் சுவர் திரும்பவும் ஊறத் தொடங்கிவிட்டது.

நான் கேட்டதை இன்னொரு முறை ஆறுதலாகச் சொல்கிறேன். உன் மருமகள் தர்சனா இந்த ஆனியோடு நடுத்தரப் பள்ளியை முடிக்கிறாள். கட்டடங்களுக்குப் படம் கீறப் பழக்குகிற தொழில்நுட்பப் பாடசாலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தப் பாடசாலை இந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் தங்கள் வட்டாரத்துக்குள் பதிவுள்ள பிள்ளைகளைத்தான் அவர்கள் முதலில் எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் மற்றவர்கள். போன வருடம் மிச்சமே இருக்கவில்லையாம்.

நாங்கள் உன் வீட்டில் படுத்தெழும்பி ஒன்றரை வருடமாகிறது. எங்கள் பதிவோ, முந்தி நாங்கள் தங்கியிருந்த, இப்போதும் நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோராவின் விலாசத்தில், நகரத்தின் மற்றக் கரையில் கிடக்கிறது. அந்த வதிவிடப் பதிவை, ரெசிதென்சாவை, ஒரேத்தோ வீதியில் உள்ள உன் வீட்டுக்கு மாற்ற வீட்டுச் சொந்தக்காரனின் ஒரு கையெழுத்து வேண்டும். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

கணித ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சிஞ்ஞோரா, இந்தப் பிள்ளையை மறிச்சுப்போடாதேங்கோ" என்ற மாதிரி இத்தாலியனில் சொன்னா. தர்சனா உன் வீட்டை அளந்து படம் கீறி வைத்திருக்கிறாள். உறுதியில் எழுதியிருப்பதைவிடக் குசினி ஒரு முழம் குறைவாம். உன்னை ஏமாற்றி விற்றுப்போட்டார்களாம். சிரிக்காதே.

அன்புடன்,
அக்கா மாக்கிரட்


மொடெனா
25.01.1998

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உணர்ச்சிவசப்படாமல் இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சொந்த வீட்டில் தானே வசிப்பவனுக்கு வீட்டு வரி குறைவு. வேறெங்காவது வசித்தால் வரி கூடும். நான் தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்த பிறகும் என் பதிவை ஒரேத்தோ வீட்டிலேயே விட்டிருப்பது அதற்காகத்தான். இது பிழை என்று எனக்கும் தெரியும். ஆனால் கட்டுகிற கடனோடு அதையும் சேர்த்துக் கட்ட என்னால் ஏலாது. சறோஜாவுக்கு வருகிற வைகாசியில் மூன்றாவது பிறக்க இருக்கிறது.

நீங்கள் பதிவை மாற்றக் கேட்டால் நகரசபை, அதுதான் கொமூனே, சும்மா எழுதித் தராது. விஜிலே என்று ஒரு சீருடைக்காரன் வீட்டுக்கு வந்து, பதிந்தவர்கள் உண்மையாகவே அங்கே இருக்கிறார்களா என்று பார்ப்பான். உங்களைப் பார்க்க வருகிறவன் என்னையும் தேடுவான். இந்த வீட்டுக்காரன் எங்கே படுக்கிறான், அவன் உடுப்பு எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? பழைய வரியைத் தண்டத்தோடு கேட்பார்கள். இந்த நாட்டில் இருக்கவிடுகிற அனுமதி, என் பெர்மெசோ, புதுப்பிக்கிற நேரம் வேறு.

சிஞ்ஞோரா வீட்டுப் பக்கம் தையலும் ஹோட்டல் வேலையும் பழக்குகிற பாடசாலை ஒன்று இருக்கிறதே. அந்த வட்டாரத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பதிவு உண்டு. இந்த நாட்டில் எங்கள் பெட்டைகள் எதைப் படித்தாலும் எப்படியும் வீடுகளுக்குள்தான் வேலை. கோபிக்காதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

தம்பி அகஸ்ரின்


பலெர்மோ
02.02.1998

அகஸ்ரினுக்கு,

நீ எப்போது அப்புக்காத்து ஆனாய்? கடிதமா எழுதினாய், வழக்குப் பேசினாயா?

"எப்படியும் வீடுகளுக்குள்தான் வேலை." இதை எழுதக் கை கூசவில்லையா உனக்கு? நான் ஆறு வருடமாகப் பிறத்தியாரின் கக்கூஸ் கழுவுவது, என் பிள்ளையும் அதே வாளியைத் தூக்க வேண்டும் என்றா?

உன் கடிதத்தைக் குசினி மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனது என் பிழை. தர்சனா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். தமிழ் அவளுக்குக் கெதியாக வராது. அரை மணித்தியாலம் எடுத்திருக்கும், ஒரு சொல்லும் விடாமல் வாசித்திருக்கிறாள். நான் வந்ததும், "மாமாவை இனிக் கேக்காதேங்கோ மா. போதும், பஸ்தா" என்றாள். கீறி வைத்திருந்த உன் வீட்டுப் படத்தைக் கிழித்துப் போட்டாள்.

நான் கேட்கவில்லை. உன் வீட்டை நீ வைத்துக்கொள். பெரிய வெள்ளிக்கு முந்தி வேறிடம் பார்க்கிறேன்.

மாக்கிரட்


மொடெனா
18.02.1998

அன்புள்ள அக்கா,

கையெழுத்துப் போட்ட கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். சறோஜா இரண்டு கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. அந்த வசனத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. தர்சனாவிடம் மாமா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். படத்தைத் திரும்பக் கீறச் சொல்லுங்கள், குசினியைச் சரியான அளவில் பார்க்க எனக்கும் விருப்பம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். விஜிலே வந்தால், "அகஸ்ரின் இஞ்சைதான் இருக்கிறான், வேலைக்குப் போட்டான், பின்னேரம் வருவான்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கூடக் கதைக்க வேண்டாம். என் பழைய சப்பாத்து ஒரு சோடியும் ஒரு காற்சட்டையும் பார்சலில் வருகின்றன. சப்பாத்தைக் கதவடியில் வையுங்கள். காற்சட்டையை எங்காவது கொழுவி விடுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

தம்பி


பலெர்மோ
22.03.1998

அன்புத் தம்பி அகஸ்ரின்,

விஜிலே வந்து போய்விட்டான். நீ சொல்லித் தந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். சப்பாத்தைக் குனிந்து பார்த்தான், நம்பிவிட்டான். உன் வரிக்கு ஒரு குறையும் வராது, நிம்மதியாக இரு.

மற்ற விசயமும் எழுதிக்கொண்டு போனான். பதில் தபாலில் வருமாம்.

நேற்று வுச்சீரியாச் சந்தைக்குப் போனேன். சின்ன மீன் மலிவாகக் கிடந்தது, வாங்கிச் சொதி வைத்தேன். தர்சனா சாப்பிடவில்லை, பரீட்சைக்குப் படிக்கிறாள். எனக்குக் கொஞ்ச நாளாக நித்திரை குறைவு. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். சறோஜாவை வடிவாகப் பார்த்துக்கொள்.

அக்கா


மொடெனா
07.06.1998

அக்கா,

இதை உங்கள் சிஞ்ஞோராவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் தர்சனா வாசித்துவிடுவாள்.

கொமூனேயின் பதில் வெள்ளிக்கிழமை உங்கள் தபால்பெட்டிக்கு வந்திருக்கிறது. என் பெயருக்கு வந்தபடியால் அவள் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். பாதியில் அழத் தொடங்கிவிட்டாள். விசாரிக்கப்போன அலுவலருக்குக் கதவு திறந்த பெண், மாக்கிரட் என்றோ தர்சனா என்றோ ஒருவரும் அந்த வீட்டில் இல்லை என்று சொன்னாளாம். வீட்டுச் சொந்தக்காரர் அகஸ்ரின் அங்கே வசிப்பது உறுதியாகிவிட்டதாம். ஆகவே அவர்கள் இருவரின் விண்ணப்பமும் தள்ளுபடி.

இல்லாத என்னை இருக்கிறான் என்று சொன்னீர்கள். இருக்கிற பிள்ளையை இல்லை என்றீர்கள். ஏன் அக்கா? நான் ஜனவரியில் எழுதியதற்குப் பழி வாங்கினீர்களா? என்மேல் கோபம் என்றால் என் தலையில் கொட்டியிருக்கலாமே. அவள் என்ன செய்தாள்?

அதைவிட, மூன்று மாதமாகத் தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் லீவு போட்டு வந்து கொமூனேயில் நின்றிருப்பேன். பாடசாலை இந்த மாதக் கடைசியோடு பட்டியலை மூடுகிறது. "அம்மாக்கு என்னிலை விருப்பமில்லையா மாமா?" என்று அவள் கேட்டாள்.

அகஸ்ரின்


பலெர்மோ
15.06.1998

தம்பி,

சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறா. அவவின் குசினியில் இருந்து எழுதுகிறேன்.

ஓம், நான்தான் சொன்னேன். பழி வாங்கவில்லை. உன்மேல் கோபம் எப்போதோ போய்விட்டது.

அது ஒரு வியாழன் பின்னேரம், வீட்டு வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் லீவு நாள். மணி அடித்தது, திறந்தேன். சீருடையில் ஒரு இளம் பெடியன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். உன்னைக் கேட்டான், சொல்லித் தந்ததை ஒப்புவித்தேன். பிறகு கடதாசியைப் பார்த்து, ஆறுதலாக, மரியாதையாக, "தர்சனா இங்கேயா இருக்கிறா?" என்று கேட்டான்.

அவள் உள் அறையில் காதில் வோக்மனை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். "அப்படி ஒராளும் இஞ்சை இல்லை" என்றேன். இத்தாலியனில் அவ்வளவு திருத்தமாக நான் ஒருநாளும் கதைத்ததில்லை. "அப்ப மாக்கிரட்?" என்றான். "அவவும் இல்லை, நான் வீடு துடைக்க வாறவள்" என்றேன். உடனே நம்பினான். என்னைப் பார்த்தால் வேறென்ன நினைப்பான்? "போன் லவோரோ", வேலை நல்லபடி நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கிப் போனான்.

என் மூத்தவன் றொனியை ஆமிக்காரர் வீடு புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்றுதான் உனக்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட வேறு விதமாகச் சொல்லவில்லை.

அப்படி நடக்கவில்லை, தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி, காலமை ஏழு மணி. துவக்கோடு மூன்று பேர் படலையில் நின்றார்கள். ஒருத்தன் தமிழில், "அம்மா, றொனி இருக்கிறாரா?" என்று கேட்டான். அம்மா என்றான். இருக்கிறாரா என்று மரியாதை கொடுத்துக் கேட்டான். மற்ற வீடுகளில் கதவை உடைத்தவர்கள் இங்கே இப்படிக் கேட்கிறார்களே, என் பிள்ளை ஒரு வம்புதும்புக்கும் போகாதவன், ஒளித்தால்தான் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன். "ஓம், கிணத்தடியிலை குளிக்கிறான், இருங்கோ" என்றேன். கதிரை போட்டேன். அகஸ்ரின், நான் அவங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டேன். பிறகு கிணற்றடிக்குப் போய் நானே அவனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். தலைகூடத் துவட்டவில்லை. விசாரித்துவிட்டுப் பின்னேரம் விடுவோம் என்றார்கள். பதினேழு வயது.

விஜிலே வந்தபோது இதெல்லாம் எனக்கு நினைவில் ஓடியது என்று நினைக்காதே. ஒன்றும் ஓடவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. கதவைப் பூட்டிய பிறகுதான் என்ன செய்துபோட்டேன் என்று விளங்கியது. பிழை சொல்லிவிட்டேன் என்று கொமூனேயில் சொல்ல இரண்டு தரம் அது இருக்கிற மக்வேதா வீதி வரைக்கும் போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று பெர்மெசோவைப் பறித்தால் அவளும் நானும் எங்கே போவோம்? இரண்டு தரமும் திரும்பி வந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியை முதலில் நான்தான் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லை, வீட்டுக்குப் பிந்திப்போனேன்.

தர்சனாவுக்கு இதைச் சொல்லாதே. அம்மா மூளையில்லாதவள், இத்தாலியன் விளங்காதவள் என்று அவள் நினைத்துவிட்டுப் போகட்டும். தமையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தவள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு அப்போது ஆறு வயது. முற்றத்தில் நின்று அண்ணாவுக்குக் கை காட்டினாள், அது அவளுக்கு ஞாபகமில்லை.

அக்கா


மொடெனா
29.06.1998

என் அக்கா,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலையில் உடுப்பு மாற்றுகிற அறையில் வாசித்தேன். அன்று வேலை செய்ய முடியவில்லை. ஃபோர்மன் வீட்டுக்குப் போகச் சொன்னான்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் வைகாசியில், றொனியை எப்படியாவது இத்தாலிக்குக் கூப்பிடு என்று நீங்கள் எனக்கு எழுதினீர்கள். என் பேப்பர் அப்போதுதான் சரிவருகிற நேரம். "முதலில் என்ரை அலுவல் முடியட்டும், ஆவணி கழிய யோசிப்பம்" என்று பதில் போட்டேன். எட்டு வருடம் நீங்கள் அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. போன சண்டையில்கூடச் சொல்லவில்லை. நானோ என் வரிக்காகச் சப்பாத்துப் பார்சல் அனுப்பினேன். உங்களுக்குப் பொய் சொல்லிக் கொடுத்து விஜிலேயின் முன்னால் நிறுத்தியவன் நான்தான், அக்கா. என்னை மன்னியுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் பதிவை மொடெனாவுக்கு மாற்றிவிட்டேன். நான் அங்கே வசிக்கவில்லை என்று பலெர்மோக் கொமூனேக்கும் எழுதிவிட்டேன். வரியும் தண்டமும் வரும், கட்டுவேன். உங்களுக்குப் புதுப் பதிவு கேட்டிருக்கிறேன், இலையுதிர்காலத்துக்குள் கிடைக்கும். ஆனால் பாடசாலைக்கு அது உதவாது. கூட வேலை செய்கிறவன் ஒருவனைக் கொண்டு தொலைபேசியில் கேட்டேன். வட்டாரத்துப் பிள்ளைகளாலேயே நிரம்பிவிட்டதாம். பட்டியலை மூடிவிட்டார்கள்.

இங்கே அதே படிப்புள்ள பாடசாலையில் இடம் இருக்கிறது. ஆனால் பிள்ளை என் பதிவில், என் வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் அவளை என் பொறுப்பில் விட்டதாகக் கையெழுத்திட வேண்டும். உங்களிடம் கேட்காமல் அவளிடம் கேட்டுவிட்டேன். உடனே ஓம் என்றாள்.

நீங்களும் வாருங்கள், அக்கா. இரண்டு அறைதான், பிறந்தது வேறு அழுதுகொண்டே இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள்.

உங்கள் தம்பி


பலெர்மோ
20.09.1998

அன்புத் தம்பி அகஸ்ரின்,

தர்சனா உங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டாள், சின்னவனைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள் என்று சறோஜா சொன்னதில் சந்தோசம். காலமையில் அவள் பால் குடிக்கமாட்டாள், வற்புறுத்த வேண்டாம். தலையிடி என்றால் கண் டாக்குத்தரிடம் காட்டு. படம் கீறும்போது மூக்கு முட்டக் குனிகிறாள்.

நீ வா வா என்கிறாய். இந்த வயதில் எந்தத் தொழிற்சாலை என்னை எடுக்கும்? என் பெர்மெசோ இந்தச் சிஞ்ஞோராவின் வேலைக் கடதாசியில் நிற்கிறது. அவவும் படுக்கையில் விழுந்துவிட்டா. அதையெல்லாம் விடு. தர்சனாவை ரயில் ஏற்றின அன்று, "நானும் வரட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம் மா, நீங்க வராதேங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பெட்டியில் ஏறி இருந்ததும் பென்சில் பெட்டியைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ரயில் வெளிக்கிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியில் தட்டினேன். நிமிர்ந்து ஒருக்கால் சிரித்தாள், அழுகிற சிரிப்பு. றொனியின் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கலாமோ என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டை உறவுக்காரர் ஒருவருக்கு வாடகையில்லாமல் இருக்கக் கொடுத்தால் வரியில் கொஞ்சம் குறைப்பார்களாம், அதற்கு என் குடும்பச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, நேற்று முன்தினம் போய் எடுத்தேன். என் பதிவு ஆவணியிலேயே சரிவந்துவிட்டது. விசாரிக்க வந்தவன் என் பெயரை மட்டும் கேட்டான். நான்தான் என்றேன்.

கொமூனேயில் இரண்டு மணித்தியாலம் வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "ஒரேத்தோ வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள். "ஒராள்" என்றேன். "கணவர்?" "செத்துப்போனார்." "பிள்ளைகள்?" என்றாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்ல வாய் உன்னிற்று, அகஸ்ரின். பின்னால் நின்றவர்கள் பொறுமையில்லாமல் முணுமுணுத்தார்கள். "வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்றேன். அவள் தட்டெழுதி எடுத்தாள். பெரிய தாள், குடும்பத்தவர் பெயர் எழுதப் பத்து வரி விட்டிருந்தது. மேல் வரியில் என் பெயர். முத்திரை குத்தினாள். பிறகு யாரும் பெயர் சேர்க்காதபடி மிச்ச ஒன்பது வரிக்கும் குறுக்கே பேனையால் ஒரு கோடு இழுத்தாள். அதுதான் முறையாம்.

இத்துடன் வைத்திருக்கிறேன். மடிக்காமல் கொடு.

அக்கா மாக்கிரட்